நாம் எழுதும் கருவியாலேயே அந்தக் கருவியைச் சோதிக்கலாமா?

பரந்தன்சந்தி (கேள்வி):

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் இருந்து நாங்கள் மூவர் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறோம். அந்த வேலைக்குத் துணையாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கட்டளைவரிக் கருவியை எழுதத் தொடங்கினோம். நிரலில் எது மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்த மாற்றம் தொடக்கூடிய சோதனைகளை மட்டும் தெரிந்தெடுத்து ஓட்டி, எல்லாம் தேறினால் வெளியீட்டுக்கான பொதியைக் கட்டித் தருவது அதன் வேலை. முற்றத்துப் புல்லைச் செருக்கும் உழவாரத்தின் பெயரையே அதற்கும் வைத்தோம்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில், உழவாரத்தின் நிரலையும் உழவாரத்தைக் கொண்டே சோதிப்பது, உழவாரத்தைக் கொண்டே கட்டுவது என்று முடிவெடுத்தோம். நாமே உண்ணாத சோற்றை விருந்தாளிக்குப் பரிமாறக்கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம். அதனால் பயன் இல்லாமல் இல்லை. முன்பு மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்த வழுக்கள் பல, எங்கள் காலிலேயே முள்ளாகத் தைத்ததும் ஒரே நாளில் தீர்ந்தன. ஆனால் மூன்று சங்கடங்கள் வந்து சேர்ந்துள்ளன.

சென்ற மாதம், எந்தக் கோப்பு எந்தச் சோதனையோடு தொடர்புடையது என்று கணிக்கும் பகுதியை நான் மாற்றி எழுதினேன். அதில் ஒரு பிழை நுழைந்தது. எந்தக் கோப்பு மாறினாலும் "பாதிக்கப்பட்ட சோதனைகள் எவையும் இல்லை" என்ற விடையே வந்தது. ஓடுவதற்கு ஒன்றும் இல்லாதபோது தோற்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆகவே கருவி பச்சை நிறத்தில் "தேறியது" என்று அச்சிட்டது. அந்தப் பிழையைப் பிடித்திருக்க வேண்டிய சோதனைகளும் அதே கருவியின் கையில் இருந்ததால் அவையும் ஓடவில்லை. நான்கு நாட்கள் இப்படியே போயின. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நான்கு நாட்களும் கருவி நன்றாக வேகம் பிடித்துவிட்டது என்று நாங்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம். மற்ற இருவருக்கும் வடையும் தேநீரும் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

இரண்டாவது, பழக்கத்தால் வந்த வினை. மின்சாரம் போய்க் கருவி நடுவழியில் நின்றால், அது உருவாக்கிய பூட்டுக் கோப்பு அழியாமல் தங்கிவிடும். அடுத்த முறை ஓட்டும்போது, வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக் கருவி சும்மா காத்து நிற்கும். அந்தக் கோப்பைத் தேடி அழிப்பது, மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது ஸ்டாண்டைத் தட்டிவிடுவதுபோல் எங்கள் மூவருக்கும் கைப்பழக்கம் ஆகிவிட்டது. அது ஒரு வழு என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தங்கை ஒருவருக்குக் கருவியைக் கொடுத்தோம். அவர் நாற்பது நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா, இது வழமையாக இவ்வளவு நேரம் எடுக்குமா?" என்று கேட்டுச் செய்தி அனுப்பினார்.

மூன்றாவது, எங்களுக்கு வேண்டிய வசதிகளைச் சேர்ப்பதிலேயே பாதி நேரம் போகிறது. சம்பளம் வரும் வேலை பின்னுக்குப் போகிறது.

தன்னைத் தானே சோதிக்கும் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுவதா, அல்லது வேறு விதமாக அமைத்துக்கொள்வதா? இதில் அடிபட்டவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.


முத்தையன்கட்டான்:

தம்பி, உங்களுடைய முதற் சிக்கல் பழையது. அதற்குரிய மருந்தும் பழையது. நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கருவிதான் கொம்பைலர். தன்னைத் தானே கட்டும் கொம்பைலர்களை எழுதியவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். கோ மொழியின் கொம்பைலர் தொடக்கத்தில் சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2015 ஓகஸ்டில் வந்த 1.5 பதிப்பில் அது கோ மொழிக்கே மாறியபோது, அதைக் கட்டுவதற்குச் சி மொழியில் இருந்த 1.4 பதிப்பையே கையில் எடுத்தார்கள். ரஸ்ட் மொழியின் முதற் கொம்பைலர் ஓகாமல் மொழியில் இருந்தது. இன்று ரஸ்ட்டைக் கட்டுபவர், ஏற்கெனவே வெளிவந்த ஒரு கொம்பைலரை இறக்கி அதனால் புதியதைக் கட்டி, அந்தப் புதியதைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடியும் கட்டுகிறார். அதாவது, இன்று காலை எழுதிய கத்தியை அதே கத்தியால் தீட்டுவதில்லை. நேற்று வெட்டிப் பார்த்த கத்தி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

ஜிசிசி (GCC) என்ற கொம்பைலர் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலில் கணினியில் உள்ள கொம்பைலரால் தன்னைக் கட்டுகிறது. அப்படிக் கிடைத்ததால் இரண்டாவது தடவை கட்டுகிறது. அந்த இரண்டாவதால் மூன்றாவது தடவை கட்டுகிறது. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கிடைத்த கோப்புகள் அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் கட்டுமானமே தோற்றதாகிவிடும். நல்ல காவல்தான், ஆனால் முழுக் காவல் அல்ல. கணினியியலின் உயர் விருதான டியூரிங் விருதை 1983ஆம் ஆண்டுக்காகப் பெற்ற கென் தொம்சன் தம் விருதுரையில் இதைத்தான் காட்டினார். கொம்பைலருக்குள் ஒரு கள்ள வழியை வைத்து, அந்தக் கொம்பைலரைக் கட்டும் ஒவ்வொரு தடவையும் அது தன்னைத் தானே மறுபடி நுழைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டால், மூல நிரலில் அதன் தடமே இராது. எத்தனை தடவை கட்டி ஒப்பிட்டாலும் எல்லாம் ஒத்தே இருக்கும். அவர் பேசியது வேண்டுமென்று செய்யும் கள்ளத்தைப் பற்றி. உங்களுக்கு நடந்தது தற்செயல். ஆனால் அமைப்பு ஒன்றுதான்: வழக்கில் நிற்பவரே தீர்ப்பும் எழுதினார்.

ஆகவே நான் சொல்வது இது. உழவாரத்தை உழவாரத்தால் சோதியுங்கள், தவறில்லை. ஆனால் உழவாரத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஓர் இருபது வரி ஸ்கிரிப்டை எழுதி, அது இரவில் ஒரு தடவை எல்லாச் சோதனைகளையும் தெரிவு எதுவும் செய்யாமல் ஓட்டட்டும். அந்த ஸ்கிரிப்டை அழகுபடுத்த ஒருவரையும் விடாதீர்கள். அடுத்து, தெரிவான சோதனைகளின் எண்ணிக்கை பூச்சியம் என்றால் கருவி பச்சை காட்டக்கூடாது. மஞ்சளாவது காட்டட்டும், எண்ணிக்கையையும் பெரிதாக அச்சிடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டாயம் தோற்க வேண்டிய சோதனை ஒன்றை உள்ளே நட்டு வையுங்கள். அது தோற்றதென்று கருவி சொல்லாத நாளில் கருவிக்குத்தான் நோய் என்று அறிந்துகொள்ளலாம். சுகமான மனிதருக்குச் சுகம் என்று சொல்லும் வைத்தியரைக் கொண்டு ஒன்றும் தெரியவராது. நோயாளியைக் காட்டித்தான் வைத்தியரைப் பரீட்சிக்க வேண்டும்.


வவுனிக்குளம்:

முத்தையன்கட்டான் ஐயா சொன்னது சரி. ஆனாலும் முதற் சிக்கலுக்கு நான் அவ்வளவு பயப்படமாட்டேன். அது நான்கு நாளில் வெளிப்பட்டது; ஒரு ஸ்கிரிப்டால் தீரும். இரண்டாவது சிக்கல்தான் ஆளை அழிப்பது. அது வெளிப்படவே வெளிப்படாது. அந்தத் தங்கை நாற்பது நிமிடம் காத்திருக்காமல் ஐந்தாவது நிமிடத்தில் கருவியை அழித்துவிட்டுப் போயிருந்தால், இந்தக் கேள்வியில் அந்தப் பந்தியே இருந்திராது.

நிரல்களைக் கட்டித் தரும் மேக் (make) கருவியைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது டாப் (tab) குறியில் விழுந்திருப்பார்கள். கட்டளை வரி டாப்புடன் தொடங்க வேண்டும். பார்வைக்கு அதேபோல் இருக்கும் எட்டு இடைவெளிகளை வைத்தால் ஏற்காது. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் அதை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனுக்கு அது சரியில்லை என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டசின் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைக் குழப்ப மனம் வராமல் விட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக விட்டது அரை நூற்றாண்டாகத் தொடர்கிறது. அந்த நண்பர்களும் இரண்டாம் நாளே டாப்புக்குப் பழகியிருப்பார்கள் என்பதுதான் என் ஊகம், பழகியவர் முறையிடமாட்டார்.

பழக்கத்தோடு சேர்ந்த இன்னொரு குருட்டுத்தன்மையும் உண்டு. உங்கள் கருவியை நானும் இறக்கிப் பார்த்தேன். பிழை உள்ள இடத்தைக் காட்ட அந்த வரிக்குக் கீழே ஒரு கூரைக்குறி (^) இடுகிறீர்கள். வரியில் "கிளிநொச்சி" என்று ஒரு சொல் இருந்தால் அந்தக் குறி எங்கேயோ போய் நிற்கிறது. நாம் வாசிக்கும்போது அது ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் பத்துக் குறிப்புள்ளிகள், அதாவது பத்து எண்கள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முப்பது பைட்டுகள். நீங்கள் பைட்டுகளை எண்ணுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு மேல், "நொ" என்பதில் உள்ள கொம்பும் காலும் சில கோப்புகளில் ஒரே குறிப்புள்ளியாகவும், சிலவற்றில் இரண்டாகப் பிரிந்தும் இருக்கும். ஆப்பிளின் பழைய மேக் (Mac) கணினிகளின் கோப்புமுறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கே "கொக்கிளாய்" என்று பெயரிட்ட ஒரு கோப்பை லினக்ஸில் தேடினால், கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோப்பை இல்லை என்று கருவி சாதிக்கும். மூன்று தமிழர் கிளிநொச்சியில் இருந்து எழுதி, இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் தாமே பயன்படுத்திய கருவியில் "கிளிநொச்சி" என்ற சொல் ஒரு தடவையும் நுழையவில்லை! குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்களுடைய நிரல் எல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடுவதால் எனக்கும் இதுவே நடந்திருக்கும். நாம் நடக்கிற வழி மட்டும்தான் நம் காலால் தேய்கிறது.

தீர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டொனால்ட் கனூத் தம்முடைய டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு நிரலில் கண்ட பிழைகளை 1978 முதல் ஒரு பதிவேட்டில் எழுதிவந்து 1989இல் வெளியிட்டார். நீங்களும் ஒரு கொப்பி வையுங்கள், ஆனால் அதில் பிழைகளை எழுத வேண்டாம். கருவி செய்திருக்க வேண்டியதை உங்கள் கை செய்த ஒவ்வொரு தடவையையும் எழுதுங்கள். பூட்டுக் கோப்பை அழித்தது, ஒரு தடவை தோற்றதும் காரணம் பாராமல் மறுபடி ஓட்டியது, எச்சரிக்கையை வாசிக்காமல் தாண்டியது, எல்லாம். ஒரு கிழமையில் கொப்பி நிறையும். மாதம் ஒரு தடவை, முன்பு சேமித்துவைத்த கேஷ் எதுவும் இல்லாத வெறும் கணினியில், கைத்தொலைபேசியின் டேட்டாவில், முதலிலிருந்து நிறுவிப் பாருங்கள். உங்கள் கணினிகளில் உழவாரம் முதற் தடவையாக ஓடி இரண்டு ஆண்டு ஆகிறது. புதிதாக வருபவர் எல்லோருக்கும் அதுதான் முதல் நாள். முடிந்தால் அந்தத் தங்கை நிறுவும்போது பின்னால் இருந்து பாருங்கள், வாயைத் திறக்காமல். இந்தக் கடைசி நிபந்தனைதான் மிகவும் கடினம்.


ஒட்டுசுட்டான்:

இருவரும் கருவியைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். சம்பளம் வரும் வேலையை எந்தப் பதிப்பால் செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இன்று காலை எழுதிய பதிப்பால்தான் என்றால், உடனே நிறுத்துங்கள். இங்கே வயல் செய்பவர் யாரும் புதிய நெல்லினம் ஒன்று கிடைத்ததும் காலபோகத்துக்கு முழுக் காணியிலும் அதை விதைப்பதில்லை. ஒரு துண்டில் விதைத்துப் பார்த்து, அடுத்த போகத்துக்கு யோசிப்பார். வாடிக்கையாளரின் நிரலுக்கு, குறைந்தது ஒரு கிழமை உங்கள் கையில் அடிபட்ட வெளியீட்டையே வையுங்கள். இன்றைய பதிப்பு உழவாரத்தின் சொந்த நிரலுக்கு மட்டும்.

இப்படிச் சொன்னால், நிரலின் பதிப்புகளைப் பேணும் கிட் (Git) கருவியை எடுத்துக்காட்டுவார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3 அன்று அதை எழுதத் தொடங்கி, ஏப்ரல் 7 அன்றே கிட்டின் நிரலைக் கிட்டில் வைத்தார். அதே ஆண்டு ஜூனில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவகத்தின் 2.6.12 வெளியீடும் கிட்டைக் கொண்டே வந்தது. உண்மைதான். ஆனால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அதே வேலைக்கு அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் இல்லாமற் போயிருந்தது. இன்னொன்று, அவர் தமக்கு வேண்டியதை மட்டுமே செய்தார், அந்த வேண்டுதல் மிகப் பெரிய வேலை ஒன்றிலிருந்து பிறந்தது. அதன் விலையையும் பார்க்க வேண்டும். கிட்டின் கட்டளைகள் புதியவரைப் பல ஆண்டுகள் பாடாய்ப் படுத்தியதற்கு, அது கருவக நிபுணர்களின் கைக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டதே காரணம் என்பது என் எண்ணம். உங்கள் அறையில் மூவர் கேட்கும் வசதிக்குப் பின்னால் எந்தப் பெரிய வேலை இருக்கிறது? அந்த வசதி இல்லாததால் வாடிக்கையாளரின் வேலை எந்த இடத்தில் நின்றது என்று ஒரு வரி எழுத முடியாதவர் அதைத் தொடக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். எங்கள் குழுவில் இதனால் பாதிக்கு மேற்பட்ட யோசனைகள் தாமாகவே உதிர்ந்தன.

தன் பாவனை தன் காலத்துக்குள் அடங்கியது என்பதற்கு என்னுடைய கதை ஒன்று. நாள், நேரக் கணக்குகளுக்கு ஒரு சிறு நூலகம் எழுதி, மூன்று ஆண்டுகள் எல்லா வேலையிலும் அதையே பயன்படுத்தினேன். ஒரு பிழையும் இல்லை. பின்னர், வன்னியில் 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் கையால் எழுதப்பட்ட பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் ஒரு வேலை வந்தது. எல்லா நேரமும் அரை மணித்தியாலம் பிசகியது. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்து, 2006 ஏப்ரல் வரை அப்படியே வைத்திருந்தது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. கணினிகளில் உள்ள நேர வலயத் தரவில் இதற்கு ஒரு குறிப்பே இருக்கிறது. அப்பகுதிகளுக்குக் கொல்கத்தாவின் வலயத்தைக் கொள்ளலாம் என்று அது சொல்கிறது. நான் அந்தக் காலத்தில் இங்கேயே வளர்ந்தவன். எல்லைச் சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவன். அப்படியிருந்தும் நூலகத்தை எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் என் மடிக்கணினியில் அந்தக் காலத்துத் தரவு ஒன்றும் இருக்கவில்லை.


முத்தையன்கட்டான்:

ஒட்டுசுட்டானின் ஒரு கிழமை விதியில் எனக்கு உடன்பாடு இல்லை. வாடிக்கையாளரின் நிரல் பெரியது, அழுக்கானது. உழவாரத்தின் நிரல் சிறியது, சுத்தமானது. புதிய பதிப்பை அந்தச் சுத்தமான வயலில் மட்டும் ஓட்டினால் ஒரு கிழமை கழிந்தாலும் ஒரு மாதம் கழிந்தாலும் அது அடிபட்டதாகாது. இரண்டு பதிப்புகளையும் வாடிக்கையாளரின் நிரலில் ஓட்டுங்கள். தீர்ப்பைப் பழையதிடம் கேளுங்கள். புதியது வேறு தீர்ப்புச் சொன்னால் அதைக் குறித்துவையுங்கள். நேரம் இரட்டிப்பாகும் என்று முறையிடுவீர்கள், இரவில் ஓட்டுங்கள்.


ஒட்டுசுட்டான்:

ஐயா, அதை ஏற்றுக்கொள்கிறேன். இரவில் மின்சாரம் இருந்தால்.


பரந்தன்சந்தி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன்.

இருபது வரி ஸ்கிரிப்டு பதினேழு வரியில் முடிந்தது. வாடிக்கையாளரின் வேலைக்குப் பழைய வெளியீடு தீர்ப்புச் சொல்கிறது. இன்றைய பதிப்பு பக்கத்தில் ஓடித் தன் விடையை எழுதிவைக்கிறது. இதுவரை பதினொரு தடவை இரண்டும் வேறுபட்டன. அவற்றில் இரண்டில் பழையதுதான் பிழை, அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கொப்பியில் முதற் கிழமையே முப்பத்தொரு வரிகள் சேர்ந்தன. பத்தொன்பது வரிகள் பூட்டுக் கோப்பு. ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி ஓர் இயக்க எண் கொடுக்கும். இப்போது கருவி அந்தக் கோப்பில் தன் இயக்க எண்ணை எழுதிவைக்கிறது. அந்த எண்ணுடைய இயக்கம் உயிரோடு இல்லை என்றால் தானே பூட்டைத் திறந்துகொள்கிறது. மின்சாரம் போய்க் கணினி மறுபடி எழுந்தபின் அதே எண் வேறொரு நிரலுக்குக் கிடைத்துவிடலாம் என்பதால் தொடங்கிய நேரத்தையும் சேர்த்து எழுதுகிறோம். அதற்கே இரண்டு நாள் பிடித்தது. தங்கை நிறுவும்போது பின்னால் இருந்து பார்த்தேன். வாயைத் திறக்காமல் ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

கட்டாயம் தோற்க வேண்டிய சோதனையையும் நட்டோம். இரண்டு கிழமை ஒழுங்காகத் தோற்றது. நேற்று முன்தினம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், சிவப்பாகக் கிடந்த அந்தச் சோதனையைக் கண்டு, முதல் நாளிலேயே நல்ல பெயர் எடுக்கலாம் என்று நினைத்து அதைத் திருத்திவிட்டார். இரவு ஸ்கிரிப்டு, தோற்க வேண்டியது தோற்கவில்லை என்று எங்கள் மூவரின் தொலைபேசிக்கும் எச்சரிக்கை அனுப்பியது. விடிய இரண்டு மணிக்கு எழுந்து கருவி முழுவதையும் புரட்டிவிட்டுத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தோம். இப்போது அந்தச் சோதனையின் தலைவரியில் "இதைத் திருத்த வேண்டாம், இது தோற்கவே பிறந்தது" என்று தமிழில் எழுதிவைத்திருக்கிறோம். அந்த வரியைக் காட்டும் கூரைக்குறி இன்னும் தள்ளித்தான் நிற்கிறது, வவுனிக்குளம் அக்கா. அதை இந்தக் கிழமை பார்க்கிறேன்.